பெண்ணின் படத்தை அச்சிடுகிறீர்கள். அவளுக்குப் போன விலையையும் அச்சிடுங்கள்

மதிப்பிற்குரிய பினாங்குக் காப்பிக்கடை உரிமையாளர்களுக்கும் வறுப்பகம் நடத்துவோருக்கும்,

வணக்கம். பட்டர்வொர்த்தில் மூன்று பேர் சேர்ந்து நடத்தும் ஒரு சிறிய வறுப்பகத்தில் பச்சைக்கொட்டை (இன்னும் வறுக்காத காப்பிக்கொட்டை) வாங்குவதும், அதைச் சுவைத்துத் தரம் பார்ப்பதும் என் பொறுப்பு. இந்தத் தொழிலுக்கு வந்து பதினேழு ஆண்டுகள் ஆகின்றன. உங்களில் சிலரிடம் நான் கொட்டை வாங்கியிருக்கிறேன், சிலருக்கு விற்றிருக்கிறேன். ஆகவே வெளியில் நின்று குற்றம் சொல்லும் ஒருத்தியாக இதை எழுதவில்லை. நான் கேட்கப்போவது எங்கள் பொட்டலத்திலும் இதுவரை இல்லாத ஒன்று.

சென்ற மாதம் ஜார்ஜ்டவுனில் ஒரு கடையில் 250 கிராம் காப்பிப் பொட்டலம் ஒன்றை 68 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து வாங்கினேன். முன்பக்கத்தில் முக்காடிட்ட ஒரு பெண், இடுப்பில் கூடை, கூடை நிறையச் சிவந்த பழம். அவளுக்குக் கீழே ‘பெண் விவசாயிகள் விளைவித்தது’ என்று ஒரு வரி. பின்பக்கத்தில் கடல்மட்டத்திலிருந்து 1,450 மீட்டர் என்ற உயரமும், மல்லிகை வாசம், கருப்பட்டி இனிப்பு என்ற சுவைக்குறிப்பும், வறுத்த தேதியும் இருந்தன. அந்தப் பெண் எந்த ஊர்க்காரி, எந்தக் கூட்டுறவில் இருக்கிறாள், அவள் கொட்டைக்குக் கிலோவுக்கு என்ன விலை கொடுத்தார்கள் என்பதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அந்தக் கடையை மட்டும் சொல்லிப் பயனில்லை. இந்தத் தீவில் நான் கையில் எடுத்துப் பார்த்த ‘பெண்கள் காப்பி’ பொட்டலங்கள் ஏறக்குறைய எல்லாமே இப்படித்தான் இருக்கின்றன.

என் வேண்டுகோள் இதுதான்: பெண்கள் விளைவித்த காப்பி என்று சொல்லி விற்கும் பொட்டலத்தில் அந்தப் பெண்களின் கூட்டுறவு அல்லது குழுவின் பெயரையும், பச்சைக்கொட்டைக்குக் கிலோவுக்குக் கொடுத்த விலையையும், அந்தப் பணம் யார் பெயரில் உள்ள கணக்குக்குப் போனது என்பதையும் அச்சிடுங்கள். அச்சிட இயலாதென்றால் அந்த வரியையும் படத்தையும் எடுத்துவிட்டு, காப்பியைக் காப்பியாக விற்றுக்கொள்ளுங்கள்.

இதற்குப் பின்னால் ஒரு பழைய கதை உண்டு. நான் முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்தது, பேரங்காடிகளுக்கு வறுத்த கொட்டை போடும் ஒரு நிறுவனத்தில், பெயர் வேண்டாம். ஓர் ஆண்டு, மகளிர் நாளான மார்ச் 8-க்கு இரண்டு வாரம் இருக்கும்போது, முதலாளி ஒரு பெட்டி நிறைய ஒட்டுத்தாள் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். வட்டமாக, இளஞ்சிவப்பில், நடுவில் சிரித்த முகத்தோடு ஒரு பெண். சுற்றிலும் ‘பெண்களின் கைகளால்’ என்று மலாயில் எழுதியிருந்தது. நான்கு பெண்கள் உட்கார்ந்து ஒரு நாள் முழுக்க ஒட்டினோம். உள்ளே இருந்ததோ வழக்கமாக வரும் அதே கொட்டை. மூட்டையில் ஏற்றுமதியாளர் பெயரைத் தவிர வேறொன்றும் இருக்காது. படத்தில் இருப்பது யார் என்று கேட்டேன். இணையத்தில் எடுத்தது என்றார். சரி, இந்தக் கொட்டையைப் பெண்கள் விளைவித்தார்கள் என்று நமக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். “யாராவது ஒரு பொம்பள பொறுக்கித்தானே இருப்பா, தங்கச்சி? இங்க நீங்க நாலு பேரும் பொம்பளைங்கதானே?” என்று சிரித்தார். அவர் கெட்ட மனிதர் அல்லர்; தீபாவளிக்கு எல்லாருக்கும் தவறாமல் புடவை எடுத்துக் கொடுப்பவர். அவர் சொன்னது ஒரு வகையில் உண்மை என்பதுதான் எனக்கு இன்றுவரை உறுத்துகிறது.

காப்பி விளையும் நாடுகளில் களையெடுப்பதும், பழம் பறிப்பதும், காய வைப்பதும், பொறுக்குவதும் பெரும்பாலும் பெண்கள்தாம். அனைத்துலகக் காப்பி அமைப்பு 2018-இல் வெளியிட்ட அறிக்கை, காப்பி விளைச்சலுக்கான உழைப்பில், இடத்தைப் பொறுத்து, 70 விழுக்காடு வரை பெண்களுடையது என்றும், பெண்கள் பொறுப்பில் நடக்கும் காப்பித் தோட்டங்கள் 20 முதல் 30 விழுக்காடு என்றும் சொல்கிறது. ஆகவே எந்த மூட்டையின் மீதும் ‘பெண்களின் கைகளால்’ என்று ஒட்டிவிடலாம். பொய் என்று யாரும் வழக்குப் போட முடியாது. கை யாருடையது என்று சொல்லும் நாம், நிலம் யாருடையது, ரசீது யார் பெயரில், காசை எண்ணி வாங்கியவர் யார் என்று சொல்வதில்லை.

நம் தொழிலில் இந்தக் கேள்வி மற்ற தொழில்களைவிடக் கூர்மையானது. ‘ஸ்பெஷல்டி’ (சிறப்புத் தரம்) என்று கரும்பலகையில் எழுதுகிறோமே, அந்தச் சொல்லுக்குச் சுவைத் தேர்வில் 100-க்கு 80 புள்ளி என்ற கணக்கு உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். கோப்பைக்கு வருமுன்பே இன்னொரு தேர்வு இருக்கிறது. நாம் பல ஆண்டுகளாகப் பின்பற்றிவரும் அளவுகோலின்படி, 350 கிராம் பச்சைக்கொட்டையை மேசையில் கொட்டினால் முழுக்கக் கறுத்த கொட்டை ஒன்றுகூட இருக்கக் கூடாது, முழுக்கப் புளித்தது ஒன்றுகூட இருக்கக் கூடாது, சிறு குறைகள் கணக்கில் ஐந்தைத் தாண்டக் கூடாது. 350 கிராம் என்றால் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கொட்டைகள். நான் இந்த வேலையை நான்கு ஆண்டுகள் செய்தவள். துளைப்பான் வண்டு குடைந்த கொட்டையில் குண்டூசி முனையளவு ஓட்டைதான் இருக்கும். அந்தப் பக்கம் மேசையைப் பார்த்துக் கவிழ்ந்திருந்தால் தெரியவே தெரியாது. அதனால் ஒவ்வொரு கொட்டையையும் சுட்டுவிரலால் ஒரு முறை புரட்டிவிட வேண்டும். பிற்பகல் மூன்று மணிக்கு மேல் நல்ல கொட்டையிலும் ஓட்டை தெரிய ஆரம்பிக்கும். அப்போது எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வர வேண்டும்; மேற்பார்வையாளர் கடிகாரத்தைப் பார்ப்பார்.

பழம் பறிப்பதும் அப்படியே. காப்பிச் செடியில் ஒரே கிளையில் பச்சைக் காயும் மஞ்சளும் சிவப்பும் ஒன்றாக நிற்கும். சாதாரணக் கொட்டைக்குக் கிளையை ஒரே உருவாக உருவிவிடலாம். நாம் கேட்கும் தரத்துக்கோ பழுத்ததை மட்டும் கிள்ளி எடுத்துவிட்டு, சில நாள் கழித்து அதே சரிவில் மறுபடி ஏறி, அதே செடிக்கு மூன்று, நான்கு முறை வந்தாக வேண்டும். ‘மல்லிகை வாசம்’ என்று நாம் எழுதுவதற்குள் அந்தத் திரும்பி வருதல் இருக்கிறது. சிறப்புத் தரம் என்ற ஒன்றை நாம் கேட்கத் தொடங்கியதும் கூடிய வேலை பெரும்பாலும் பெண்கள் தலையில்தான் விழுந்தது. கூடிய விலை அவர்கள் மடியில் விழுந்ததா என்பதைத்தான் நாம் கேட்காமல் விட்டோம்.

பினாங்கில் பெண்கள் காப்பி என்று விற்பதில் கணிசமானது நமக்கு மேற்கே, மலாக்கா நீரிணைக்கு அப்பால், ஏறக்குறைய 400 கிலோமீட்டரில், இந்தோனேசியாவின் சுமத்ராத் தீவில் ஆச்சே மாநிலத்தில் உள்ள காயோ மலைநாட்டிலிருந்து வருகிறது. ஆச்சேக்காரர்கள் நமக்குப் புதியவர்கள் அல்லர். ஜார்ஜ்டவுனில் லெபோ ஆச்சே பள்ளிவாசல் 1808-இல் கட்டப்பட்டது. இன்றும் ஆச்சேயிலிருந்து மருத்துவத்துக்காக நம் மருத்துவமனைகளுக்கு வருகிறவர்களை வழியில் பார்க்கிறோம். அவர்கள் காப்பியும் அப்படித்தான், மேடான் அருகே பெலாவான் துறைமுகத்தில் கப்பலேறி நம்மிடம் வருகிறது. லாவுட் தாவார் ஏரிக்கரையில் தகெங்கோன் நகரும், அருகே பெனர் மெரியா மாவட்டத்து மலைகளுமாக இருப்பதே காயோ நாடு. அங்கே பெருந்தோட்டம் என்று பெரிதாக எதுவும் இல்லை, வீட்டுக்கு ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் என்று சிறுதோட்டக்காரர்கள்தாம். காயோ என்ற பெயருக்கு 2010-இல் இந்தோனேசியா புவிசார் குறியீடு கொடுத்தது. மலையின் பெயருக்குப் பாதுகாப்பு வந்துவிட்டது. மலையில் ஏறுகிறவளின் பெயர் இன்னும் ரசீதுக்கு வந்தபாடில்லை.

ரசீதைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறேன் என்றால், நான் ஒரு ரசீதைப் பார்த்தேன். சில ஆண்டுகளுக்கு முன் கொட்டை வாங்க அங்கே போயிருந்தபோது, ஒரு விவசாயி வீட்டு முற்றத்தில் உட்கார வைத்தார்கள். அங்கே பழத்தை வீட்டிலேயே சிறு இயந்திரத்தில் தோலுரித்து, ஓர் இரவு ஊற வைத்துக் கழுவி, வெளிச்சதை போன கொட்டையை ஓட்டோடு ஒரு நாள் போல உலர்த்தி, ஈரம் போகுமுன்பே வாங்குகிறவரிடம் கொடுத்துவிடுவார்கள். ஈரத்தோடே ஓடு நீக்கும் அந்த முறைதான் சுமத்ராக் கொட்டைக்கு அந்த நீலப்பச்சை நிறத்தையும் மண்வாசனையையும் தருவது. நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது மழை இறங்கியது. அந்த அம்மா பேச்சை அப்படியே விட்டுவிட்டு எழுந்து, தார்ப்பாயின் நான்கு மூலையையும் ஒன்றாகக் கூட்டி, கொட்டையை மூட்டைபோல் இழுத்துத் தாழ்வாரத்தில் சேர்த்த வேகத்தில், எனக்கு உதவிக்குப் போகக்கூட நேரமிருக்கவில்லை. பிறகு கூட்டுறவின் சிறு புத்தகத்தைக் காட்டினார். ஒவ்வொரு எடைக்கும் தேதி, கிலோ, தொகை, அவர் கையெழுத்து. மேலே உறுப்பினர் பெயர் என்ற இடத்தில் ஓர் ஆணின் பெயர். கணவர் என்றார். எங்கே அவர் என்று கேட்டேன். இறந்து இரண்டு வருடம் ஆகிறது என்றார். நிலப்பத்திரம் அவர் பெயரில் இருந்ததால் உறுப்பினர் அவராக இருந்தார். பத்திரம் மாற்றச் செலவாகும் என்பதால் உறுப்பினரும் அவராகவே இருக்கிறார். கூட்டுறவின் ஆண்டுக் கூட்டத்தில் வாக்கு உண்டா என்று கேட்டதற்கு, செத்தவர் எப்படி வாக்களிப்பார் என்று அவர் சிரித்தார்; எனக்குச் சிரிப்பு வரவில்லை. உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்போம். அங்கே உழுகிறவள் கணக்குப் புத்தகமே இன்னொருவர் பெயரில் இருந்தது.

இப்போது நம் கணக்குக்கு வருகிறேன். நியாய வணிகச் சான்று தரும் ஃபேர்டிரேட் அமைப்பு 2023 ஆகஸ்டில் கழுவிய அரபிக்காவுக்கு வைத்த குறைந்தபட்ச விலை பவுண்டுக்கு 1.80 அமெரிக்க டாலர், அதோடு கூட்டுறவின் பொதுநிதிக்கு 20 அமெரிக்கக் காசு. இரண்டையும் சேர்த்தால் கிலோவுக்கு ஏறக்குறைய 4.40 டாலர். ஒரு கிலோ பச்சைக்கொட்டை வறுத்த பிறகு 840 கிராம் அளவில் நிற்கும். கோப்பைக்கு 18 கிராம் என்று வைத்தால் 46 கோப்பை. ஆக, கோப்பைக்குப் பத்து அமெரிக்கக் காசு, நம் பணத்தில் 40 காசு சுற்றிவரும். 2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் அரபிக்கா பவுண்டுக்கு 4 டாலரைத் தாண்டி வரலாறு காணாத உயரத்துக்குப் போனபோதும், இதே கணக்கில் கோப்பைக்கு ஒரு வெள்ளி ஆகவில்லை. ஃபேர்டிரேட் விலை துறைமுகத்தில் கப்பல் ஏறும்போது உள்ளது; சந்தை விலையும் விவசாயி கையில் வாங்கும் விலை அன்று. கூட்டுறவின் கழிவு, ஓடு நீக்கும் கூலி, மலையிலிருந்து இறக்கும் லாரி வாடகை, நடுவில் நின்று வாங்கி விற்கும் வியாபாரியான தவுக்கேயின் பங்கு எல்லாம் போய்த்தான் வீட்டு முற்றத்துக்கு வரும். (தவுக்கேயை அங்கேயும் ‘தொக்கே’ என்றே சொல்கிறார்கள், நீரிணையின் இரு கரையிலும் அந்தச் சொல்லுக்கு ஒரே மரியாதை.)

அதே கோப்பையை நாம் 12, 13 வெள்ளிக்கு விற்கிறோம். இதைக் கொள்ளை என்று சொல்ல நான் வரவில்லை. பாரம்பரியக் கட்டடத்தின் வாடகை எவ்வளவு, பால் என்ன விலை, இயந்திரத்தின் தவணை எவ்வளவு என்பது எனக்கும் தெரியும். நான் பேசுவது அந்த 13 வெள்ளியைப் பற்றியன்று, படம் போட்டதற்காகப் பொட்டலத்துக்குக் கூடுதலாகக் கேட்கும் பத்து, பதினைந்து வெள்ளியைப் பற்றி. வாடிக்கையாளர் அதைக் கொடுப்பது அந்தப் பெண்ணுக்குப் போகும் என்று நம்பி. போகிறதா? போகிறதென்றால் அச்சிடுவதில் என்ன தயக்கம்?

நம் சமூகத்தில் பிறந்த ஒருத்திக்கு இந்தப் படம் இன்னொன்றையும் நினைவூட்டும். ரப்பர் வருவதற்கு முன் சிலாங்கூரில் வெள்ளைக்காரத் துரைமார்கள் தமிழர்களைக் கொண்டு நட்ட பயிர் காப்பி. 1890-களின் பிற்பகுதியில் பிரேசில் கொட்டை குவிந்து விலை சரிந்ததும் அந்தத் தோட்டங்களில் ரப்பர் புகுந்தது. 1920-களின் கடைசியில் காலனி அரசு தோட்டங்களுக்கு நிர்ணயித்த கூலி, முக்கிய வட்டாரங்களில், ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு; 1930-இல் மந்தம் வந்ததும் அது 40-உம் 32-உம் ஆனது. செபராங் பிறையில் பால்மரம் வெட்டிய என் பூட்டியும் விடியற்காலைப் பெரட்டுக்களத்தில் பெயர் கொடுத்துவிட்டு அந்தக் கணக்கில் உழைத்தவள்தான். அவளுடைய புகைப்படம் ஒன்றுகூட எங்கள் வீட்டில் இல்லை. ஆனால் ஜார்ஜ்டவுன் பழம்பொருள் கடைகளில் அந்தக் காலத்து அஞ்சலட்டைகளைப் புரட்டினால் மூக்குத்தியும் தண்டட்டியும் போட்ட நம் பெண்கள் வருவார்கள். கீழே ‘தமிழ்ப் பெண்’ என்று இருக்கும், பெயர் இருக்காது. அதை அச்சிட்டு விற்றவருக்குக் காசு வந்தது. காப்பிப் பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்த அன்று எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்த அஞ்சலட்டைதான்.

செய்ய முடியாத ஒன்றைக் கேட்கிறேனா என்றால், இல்லை. 2000-களின் தொடக்கத்தில் வட பெருவில் சில நூறு பெண்கள் தங்கள் கொட்டையை ஆண்களுடைய கொட்டையோடு கலக்காமல் தனியே பிரித்து விற்கத் தொடங்கினார்கள். பணம் நேராகத் தங்கள் கைக்கே வரவேண்டும் என்பது அவர்கள் வைத்த நிபந்தனை. ‘கஃபே ஃபெமெனினோ’ என்று இன்று பல நாடுகளில் வழங்கும் பெயர் அப்படிப் பிறந்தது. 2014-இல் பெனர் மெரியாவில் பெண்களே உறுப்பினராக உள்ள கோகோவாகாயோ கூட்டுறவு தொடங்கப்பட்டது. அங்கே வாக்கும் கணக்கும் பொறுப்பும் பெண்கள் பெயரிலேயே இருக்கின்றன. ‘பெண்கள் காப்பி’ என்ற இரண்டு சொல்லுக்கும் பொருள் தருவது இத்தகைய ஏற்பாடு. இதை உழைத்துக் கட்டியவர்களும், இணையத்தில் எடுத்த படத்தை ஒட்டியவர்களும் நம் கடை அலமாரியில் ஒரே வரிசையில், ஒரே விலையில் நிற்கிறார்கள். நட்டம் முதலாமவர்களுக்கு.

உங்களில் சிலரிடம் வாய்மொழியாகப் பேசியபோது வந்த மறுப்புகளையும் சொல்லிவிடுகிறேன். கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ உள்ள இறக்குமதியாளரிடம் வாங்குகிறோம், அவர் விலை சொல்லமாட்டார் என்றார்கள். கேட்டால் சொல்லுவார், நான் கேட்டு வாங்கியிருக்கிறேன், மூன்றாவது மின்னஞ்சலில் வந்தது. போட்டியாளருக்கு நம் கொள்முதல் விலை தெரிந்துவிடும் என்றார்கள். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சில வறுப்பகங்கள் ஆண்டுதோறும் தாங்கள் கொடுத்த விலையை வெளியிட்டுக்கொண்டுதான் தொழில் நடத்துகின்றன. அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகம் அப்படித் திரட்டிய ஒப்பந்த விலைகளை ஒரு வழிகாட்டியாகவே வெளியிட்டிருக்கிறது. வாடிக்கையாளர் இதையெல்லாம் படிப்பாரா என்றார்கள். 1,450 மீட்டரைப் படிக்கிறவர் இதையும் படிப்பார். கணவனும் மனைவியுமாகச் சேர்ந்து பாடுபடும் தோட்டத்தில் பெண்ணை மட்டும் பிரிப்பது சரியா என்று ஒரு பெரியவர் கேட்டார். அது நல்ல கேள்வி. குடும்பமாக விளைவித்தது என்றால் குடும்பம் என்றே எழுதுங்கள், அதில் குறைவொன்றும் இல்லை. பெண் என்று எழுதிவிட்டு ஆணின் கணக்குக்குப் பணம் அனுப்புவதுதான் கூடாது என்கிறேன்.

இன்னொரு சிறு வேண்டுகோளும் உண்டு. நிலப்பத்திரம் தன் பெயரில் இல்லாதவளுக்கு வங்கிக் கடன் கிடைப்பது அரிது; உரத்துக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் தவுக்கேயிடம் முன்பணம் வாங்கிவிட்டால், பழம் மரத்தில் இருக்கும்போதே விலை பேசி முடிந்துவிடும். ஃபேர்டிரேட் விதிப்படி கூட்டுறவு கேட்டால் ஒப்பந்தத் தொகையில் 60 விழுக்காடு வரை வாங்குகிறவர் முன்பணமாக ஏற்பாடு செய்ய வேண்டும். நம்மைப் போன்ற சின்னக் கடைகள் தனித்தனியே அதைச் செய்ய இயலாது என்பது உண்மை. பத்துக் கடை சேர்ந்து ஒரே ஒப்பந்தமாக, அறுவடைக்கு முன்பே, இத்தனை மூட்டை இந்த விலைக்கு என்று எழுதிக் கொடுத்தால் இயலும். அதற்காக ஒரு கூட்டம் போடலாம் என்றால் எங்கள் வறுப்பகத்தில் இடம் இருக்கிறது. படகுத்துறையிலிருந்து நடந்தே வரலாம்.

எங்கள் அடுத்த காயோப் பொட்டலத்துக்கு அச்சகத்தில் நேற்று எழுதிக் கொடுத்துவிட்டேன். கூட்டுறவின் பெயர் இருக்கிறது. கிலோவுக்குக் கொடுத்த விலை இருக்கிறது. யார் பெயரில் உள்ள கணக்கு என்ற இடத்துக்கு இரண்டு முறை எழுதிக் கேட்டும் விடை வரவில்லை; ஆகவே முன்பக்கத்திலிருந்து ‘பெண்கள்’ என்ற சொல்லையும் படத்தையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ‘விசாரித்துக்கொண்டிருக்கிறோம்’ என்று போடச் சொல்லியிருக்கிறேன். அச்சகத்துக்காரர் இது பிழையா என்று தொலைபேசியில் கேட்டார். இல்லை, அப்படியே இருக்கட்டும் என்றேன்.

இப்படிக்கு,
பட்டர்வொர்த்தில் காப்பிக்கொட்டை வறுக்கும் உங்கள் தொழில்தோழி